துரு இல்லாத வண்டி

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கெல்லாம், விலைக்கு வந்த ஒரு பழைய வண்டியைப் பார்க்கப் போக, தம்பி வாசலில் தயாராக நின்றான். ஆபீசுக்கு ஒருநாளும் அவன் இப்படிக் கிளம்பியதில்லை. சட்டைப் பையில் டார்ச், தோளில் ஒரு பழைய துண்டு, கையில் தானே எழுதி வைத்திருந்த கேள்விகள் இரண்டு பக்கத்துக்கு.

"அக்கா, சுத்தியல எடுத்துக்கிட்டியா?" என்று மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

எடுத்துக்கொண்டிருந்தாள். கால் கிலோ கூட இருக்காத சின்னச் சுத்தியல். இருபத்திரண்டு வருடமாக அவளுக்குச் சோறு போடுவது அது. கொதிகலன் செய்யும் தொழிற்சாலையில் அவள் வெல்டிங் பரிசோதகர். அவள் தட்டிப் பார்த்து, கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் வெளியே போகும். தம்பி அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'முத்திரை'. முத்திரை குத்திவிட்டால் அப்புறம் மறுபேச்சு இல்லை என்று ஆபீசில் எல்லாரிடமும் பெருமையடிப்பான்.

இன்றைக்கு அந்த முத்திரையைப் பொய்க்குக் குத்தப் போகிறோம் என்று நினைத்தபடிதான் அக்கா படி இறங்கினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி மனைவிக்கு அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். தம்பி மனைவிக்குப் பல் செட் செய்கிற வேலை. வீட்டு முன்னறையில்தான் பட்டறை. யாருக்கோ போகவேண்டிய மேல்வரிசைப் பல்லை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"அண்ணி, உங்க பேச்சைத்தான் அவர் கேப்பார். வண்டி சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. ரோட்டுல ஓட்டுனாலே எனக்குப் பயம். இவர் என்னடான்னா, மலையில பாதையே இல்லாத இடத்துல ஓட்டறதுக்குன்னே வண்டி வாங்கறேங்கறார். ஒரு தடவை கவுத்தது போதாதா?"

ஒரு தடவை கவிழ்த்தது, மூன்று வருடத்துக்கு முன்னால். அப்போது தம்பி மலையுச்சிகளில் நிற்கிற செல்போன் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கிறவனாக இருந்தான். ஒரு விடுமுறை நாளில், தான் வேலை செய்கிற மலையைக் காட்டுகிறேன் என்று வாடகை ஜீப்பில் அக்காவைக் கூட்டிப் போனான். ஓடைச் சரிவில் ஜீப் புரண்டது. அக்காவுக்குச் சிராய்ப்பு. அவனுக்குத் தோள்பட்டை நொறுங்கிப் போனது. இடது கை இன்றைக்கும் தோளுக்கு மேல் எழாது. இப்போது அவனுக்கு மேசை வேலை. மற்றவர்கள் ஏறி இறங்கி எழுதுகிற அறிக்கைகளைப் படித்துப் பிழை திருத்துகிறான்.

அன்றைக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது தம்பி இல்லை. "கொஞ்ச தூரம் நான் ஓட்டறேன்டா" என்று கேட்டு வாங்கியவள் அக்கா. ஈரக் களிமண்ணில் பயந்துபோய் பிரேக்கை மிதித்தவளும் அக்கா. ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி, "நான்தான் ஓட்டினேன்" என்று தம்பி சொல்லிவிட்டான். அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். ஆபரேஷன் முடியட்டும் என்று நினைத்தாள். அப்படியே மூன்று வருடம் ஆகிவிட்டது.

அதனால்தான் 'ஒரு தடவை கவுத்தது போதாதா' என்று தம்பி மனைவி கேட்டபோது, அவள் முகத்தைப் பார்க்காமல் அக்கா அந்தப் பல் வரிசையைப் பார்த்துக்கொண்டே, "சரிம்மா, பாத்துக்கறேன்" என்றாள்.

* * *

வண்டிக்காரர் ஓய்வு பெற்ற கால்நடை டாக்டர். ஊர் முடிகிற இடத்தில் வீடு. பஸ்ஸை விட்டு இறங்கிக் கால்மணி நேரம் நடக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கொட்டகை, அதற்குள் வண்டி.

தம்பி கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான்.

பழைய லேண்ட் ரோவர். நீளமான வகை. பச்சை நிறம் வெயிலில் வெளுத்து, ஊறவைத்த பயறு மாதிரி இருந்தது. உதிரிச் சக்கரம் பானெட் மேலேயே உட்கார்ந்திருந்தது. கதவுகள் தட்டையாக, டிபன் பாக்ஸ் மூடி போல. அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது.

"இருபத்தெட்டு வருஷம்" என்றார் டாக்டர். ஒல்லியாக, உயரமாக இருந்தார். "பசுமாடு, ஆடு, ஒரு தடவை குதிரைக்குட்டி. எல்லாரும் இதுல ஏறியிருக்காங்க. ஏசி கிடையாது, கதவு இடுக்குல வர காத்துதான். மழை பேஞ்சா வெளிய நின்ன பிறகும் உள்ள பத்து நிமிஷம் பெய்யும்."

தம்பி சிரித்தான். இப்படி அவன் சிரித்து அக்கா பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவன் காகிதத்தைப் பிரித்துக் கேட்க ஆரம்பித்தான். சின்ன கியர் லீவர் எதற்கு, செங்குத்தில் இறங்கும்போது எந்தக் கியர், தண்ணீரில் எவ்வளவு ஆழம் வரை போகலாம். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாட்டுக்கதையோடு பதில் சொன்னார். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது, சின்ன கியரில் போட்டுவிட்டு இன்ஜினே பிடித்துக்கொள்ளும்படி விட்டுவிட வேண்டும் என்று அவர் சொன்னபோது அக்கா திரும்பிக் கொட்டகைக் கூரையைப் பார்த்தாள்.

"மேல எல்லாம் அலுமினியம், துரு பிடிக்காது" என்றான் தம்பி, ஏற்கெனவே படித்து வைத்ததை ஒப்பிப்பது போல. "அடியில இருக்கற சேஸிஸ்தான் இரும்பு. அத மட்டும் அக்கா பாத்துட்டா போதும் சார். இவங்க தட்டிப் பாத்துச் சொன்னா அப்பீலே இல்ல."

"பாருங்கம்மா, நல்லா பாருங்க" என்று டாக்டர் ஒரு சாக்கை எடுத்துத் தரையில் விரித்தார்.

அக்கா வண்டிக்கு அடியில் மல்லாந்து நகர்ந்தாள். டார்ச் அடித்தாள். சேஸிஸ் முழுக்கக் கறுப்புப் பூச்சு, ஒவ்வொரு வருடமும் பொறுமையாகத் தடவியது என்று பார்த்தாலே தெரிந்தது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் ஓர் இடத்தைச் சுரண்டிவிட்டுத் தட்டினாள்.

கணீர் என்றது.

இன்னோர் இடம். கணீர். பக்கச் சட்டங்கள், ஸ்பிரிங் உட்காரும் இடங்கள், பழைய வெல்டிங் ஒவ்வொன்றும். எங்கே தட்டினாலும் கோயில் மணி இல்லையென்றாலும் பள்ளிக்கூட மணி அளவுக்கு இருந்தது. இத்தனை வயதான இரும்பில் இவ்வளவு சுத்தமான சத்தத்தை அவள் தொழிற்சாலையிலேயே அடிக்கடி கேட்டதில்லை.

அடியில் கிடந்தபடி தலையைத் திருப்பினாள். வண்டிக்கு அந்தப் பக்கம் தம்பியின் செருப்புக் கால்கள் தெரிந்தன. ஓர் இடத்தில் நிற்காமல் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தன.

பிறகு வெளியே வந்து, முடியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுச் சொன்னாள்.

"பின்னாடி சட்டத்த உள்ளுக்குள்ள துரு தின்னுடுச்சு. மேல பூச்சுதான் தாங்கிட்டு நிக்குது. வெல்டிங்ல விரிசலும் இருக்கு. ரோட்டுல மெதுவா ஓட்டலாம். மலைக்கு ஆகாது."

தம்பி கையில் இருந்த காகிதத்தை நாலாக மடித்தான்.

"நிச்சயமாவாக்கா?"

"நிச்சயமா."

அவன் பானெட்டை ஒரு முறை தடவிக் கொடுத்தான், அவ்வளவுதான். "சரி சார், மன்னிச்சுக்கங்க. உங்க ஞாயித்துக்கிழமையக் கெடுத்துட்டோம்."

டாக்டர் அவனைக் கவனிக்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆட்டுப் பண்ணைக்குப் போறப்போ, மழை ஈரத்துல வண்டி சரிஞ்சு மரத்துல சாஞ்சிடுச்சு. என் வீட்டம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. இடுப்பு எலும்பு உடைஞ்சிடுச்சு. சரியறதுக்கு முன்னால பின்பக்கம் டக்குனு ஒரு சத்தம் கேட்டேன். கல்லு பட்டுச்சுன்னு நினைச்சேன். அது இந்த விரிசலா இருக்குமோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்ன பொய்க்கு முட்டுக் கொடுக்கிற அவசரத்தில் அவள் வாயில் வந்தது வேறு.

"இருக்கலாம்" என்றாள்.

டாக்டர் மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப இத யாருக்கும் விக்கக்கூடாது. நீங்க வந்தது நல்லதாப் போச்சும்மா. இல்லன்னா எந்தப் பிள்ளை தலையிலயாவது கட்டியிருப்பேன்."

வீட்டு ஜன்னலில் ஒரு பெண்மணி ஊன்றி நடக்கிற நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏமாற்றம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

* * *

மத்தியானச் சாப்பாட்டில் தம்பி மனைவி அக்கா தட்டில் கேட்காமலே இரண்டு கரண்டி அதிகம் வைத்தாள். நன்றியை அவளுக்கு வாயால் சொல்லத் தெரியாது. தம்பி பாதியிலேயே எழுந்து, கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். அவர்கள் மகள் பாப்பா பாட்டி வீட்டில். வீடு அமைதியாக இருந்தது.

மூன்று மணிக்கு அக்காவின் போன் அடித்தது. தெரியாத எண். பட்டறை மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எடுத்தாள்.

"காலைல வண்டி பாக்க வந்தீங்களே, டாக்டர் வீட்லருந்து பேசறேன். நான் அவர் மனைவி. உங்க தம்பி நம்பர் குடுத்துட்டுப் போனார், அவர்கிட்ட கேட்டு உங்க நம்பர வாங்கினேன்."

"சொல்லுங்கம்மா."

"இவர் இன்னும் சாப்பிடல. கொட்டகையில வண்டிக்கு எதிர்ல நாற்காலியப் போட்டு உக்காந்துட்டார். உன் இடுப்ப ஒடச்சது நான்தான், வண்டியப் பாக்காம ஓட்டுனேன், அந்தச் சத்தத்தக் கேட்டும் இறங்கிப் பாக்கலன்னு சொன்னதையே சொல்லிட்டிருக்கார். பழைய இரும்புக்காரனுக்குப் போன் பண்ணி, நாளைக்குக் காலைல வந்து துண்டு துண்டா வெட்டி எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டார்."

அக்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சும்மா எங்களுக்கு, மண்ணு வழுக்குச்சு, யார் மேலயும் தப்பில்லன்னு ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வர. ராத்திரி எத்தனையோ நாள் பேசிப் பேசி வந்த முடிவு அது. இப்ப எல்லாம் முதல்லருந்து. நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசறீங்களா? அந்த விரிசல் அப்ப இருந்திருக்காது, புதுசா வந்ததுன்னு சொல்லுங்க. உண்மையா இல்லாட்டாலும் பரவால்ல. எனக்காக ஒரு பொய் சொல்லுங்க."

"நான் நேர்ல வரேன்" என்றாள் அக்கா.

போனை வைத்தபோது தம்பி மனைவி கையில் மெழுகோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுமுனைக் குரல் அவளுக்கும் கேட்டிருந்தது.

"இப்படி ஆகும்னு நான் நினைக்கலயே அண்ணி."

"நான் மட்டும் நினைச்சேனா?"

"போய் அவர்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. வண்டி நல்லாத்தான் இருக்கு, நான்தான் தப்பாப் பாத்துட்டேன்னு." கொஞ்சம் தயங்கினாள். "இவருக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா நாளைக்கே போய் எடுத்துட்டு வந்துடுவார். எனக்கு பயமா இருக்கு அண்ணி. நிஜமாவே பயமா இருக்கு."

அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் அது முளைத்த இடம் பொய். அதை அக்கா சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

டாக்டர் அதே நாற்காலியில் இருந்தார். மனைவி கொட்டகை வாசலில் நடைச்சட்டத்தோடு நின்றாள். அக்காவைப் பார்த்ததும் கண்ணாலேயே கெஞ்சினாள், சொல்லிவிடு என்று.

"டாக்டர், விரிசல் புதுசு இல்ல, பழசும் இல்ல" என்றாள் அக்கா. "விரிசலே இல்ல. துருவும் இல்ல. காலைல நான் சொன்னது பொய்."

டாக்டர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "நீதான் போன் பண்ணி வரச் சொன்னியா? என்னை சமாதானப்படுத்தவா?"

நம்பவில்லை. உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார் என்று அக்கா எதிர்பார்த்திருக்கவில்லை. காலையில் ஒரே வார்த்தையில் நம்பியவர்.

அவள் சுத்தியலைப் பையிலிருந்து எடுத்தாள். கொட்டகையைத் தாங்கி நின்ற ஒரு துருப்பிடித்த இரும்புக் கம்பத்தின் அடிப்பாகத்தைத் தட்டினாள். பொத் என்று, ஈரச் சுவரில் அடித்த மாதிரி ஒரு சத்தம். கொஞ்சம் செதில் உதிர்ந்தது.

"துரு தின்ன இரும்பு இப்படித்தான் கேக்கும். இப்ப நீங்களே தட்டிப் பாருங்க. எனக்குத் தெரியாம, உங்க இஷ்டத்துக்கு எங்க வேணாலும்."

எழுபது வயது மனிதர் சாக்கில் படுத்து வண்டிக்கு அடியில் போக ஐந்து நிமிடம் ஆயிற்று. போய்த் தட்டினார்.

கணீர்.

மறுபடி. மறுபடி. முன்னால், பின்னால், ஓரத்தில், அவள் காலையில் சுரண்டிய இடத்தில். விடாமல் தட்டிக்கொண்டே இருந்தார். வாசலில் நின்ற அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பத்துப் பதினைந்து தட்டலுக்குப் பிறகு சத்தம் நின்றது. அவர் வெளியே வரவில்லை. வண்டிக்கு அடியிலேயே கிடந்து பெரிதாக மூச்சு விடுவது கேட்டது.

"எதுக்கும்மா சொன்னீங்க?" என்று கேட்டது மனைவி. மெதுவான குரல்தான். "போன்ல உங்ககிட்டப் போய் ஒரு பொய் சொல்லுங்கன்னு கெஞ்சினேன். அதுக்கு முன்னாலயே ஒண்ணு சொல்லிட்டுத்தான் அந்தப் பக்கம் கேட்டுட்டு இருந்தீங்களா?"

அக்காவுக்கு உட்கார இடமில்லை. நின்றபடியே சொன்னாள். தம்பி மனைவி கேட்டது, தான் ஒப்புக்கொண்டது. அதோடு நிறுத்திக்கொள்ள நினைத்தாள். ஆனால் வாய் நிற்கவில்லை. ஓடைச் சரிவு, களிமண், பிரேக், ஸ்ட்ரெச்சர் எல்லாம் வந்துவிட்டது. மூன்று வருடத்தில் முதல்தடவையாக அதை இன்னொருவர் காதுபடச் சொன்னாள், பெயர்கூடத் தெரியாத இரண்டு பேரிடம்.

டாக்டர் அடியிலிருந்து வெளியே வந்து சாக்கிலேயே உட்கார்ந்தார். தலையெல்லாம் தூசி.

"உங்க தம்பி பழியத் தன் மேல போட்டுக்கிட்டார். அது அவரா விரும்பிச் செஞ்சது" என்றார். "என் மேல நீங்க போட்டீங்களே, அத நான் கேட்டேனா?"

"இல்ல."

"காலைலருந்து இப்ப வரைக்கும், ஆறு மணி நேரம். இவங்க முகத்தப் பாக்க முடியல எனக்கு."

மன்னிப்பு என்ற வார்த்தை அவளுக்கு அந்த இடத்தில் ரொம்பச் சின்னதாகத் தோன்றியது. இருந்தாலும் கேட்டாள். அவர் கையிலிருந்த சுத்தியலை அவளிடம் நீட்டினார். மனைவி நடைச்சட்டத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

டாக்டர் தலைத் தூசியைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"இரும்புக்காரன வரவேண்டாம்னு சொல்லிடறேன். வண்டிய உங்க தம்பிக்குக் குடுக்கத்தான் எனக்கு ஆசை. காலைல கேள்வியெல்லாம் எழுதி எடுத்துட்டு வந்த பிள்ளை. ஆனா எல்லாம் தெரிஞ்சுட்டு அவர் வரணும். அவர் சம்சாரத்துக்கும் தெரிஞ்சிருக்கணும். ஒரு வீட்ல பாதிப் பேருக்குப் பொய் சொல்லி வைச்சிருக்கற இடத்துக்கு நான் சாவியத் தரமாட்டேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்பேன். வரலன்னா, வேற ஒருத்தர் கேட்டிருக்கார், அவருக்குக் குடுத்துடுவேன்."

"சொல்லிடறேன்."

"இன்னிக்கே சொல்லுங்க. தள்ளிப் போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

* * *

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி. தம்பியும் மனைவியும் முன்னறையில் இருந்தார்கள். அவன் நல்ல கையால் பல் அச்சுகளைப் பெட்டியில் அடுக்கிக் கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு பெட்டியிலும் பெயர்ச் சீட்டு ஒட்டிக் கொண்டிருந்தாள். அக்கா உள்ளே நுழைந்ததும் தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். சொல்லியாச்சா என்று அந்தப் பார்வை கேட்டது.

அக்கா உட்காரவில்லை.

"டேய், அந்த வண்டி நல்லா இருக்கு. சேஸிஸ் ஒரு குறையும் இல்ல. நான் பொய் சொன்னேன்."

தம்பி கையில் இருந்த அச்சை மெதுவாகப் பெட்டியில் வைத்தான்.

"எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு" என்றான். "நீ அடியில தட்டுனப்போ சத்தம் நல்லாத்தானே இருக்குன்னு தோணுச்சு. அப்புறம், சே, போயும் போயும் உன்னைச் சந்தேகப்படறோமேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பஸ்ல அதனாலதான் உன்கூடப் பேச முடியல."

இதைவிட அவன் திட்டியிருக்கலாம்.

"ஏன்க்கா?"

அவள் பதில் சொல்வதற்குள் தம்பி மனைவி எழுந்தாள். "அவங்கள கேக்காதீங்க. நான்தான் சொல்லச் சொன்னேன். பயமா இருந்துச்சு, சொல்லச் சொன்னேன். ஒரு தடவை உங்களப் பொறுக்கி எடுத்துட்டு வந்தாச்சு. இன்னொரு தடவை என்னால முடியாது. நீங்க ஓட்டற லட்சணத்த..."

"அவன் ஓட்டல" என்றாள் அக்கா.

தம்பி சட்டென்று, "அக்கா, வேணாம்" என்றான்.

"அன்னிக்கு ஓட்டுனது நான். சாவியக் கேட்டு வாங்கினேன். பிரேக்க மிதிச்சேன், வண்டி புரண்டுச்சு. இவன் பக்கத்து சீட்டுல உக்காந்திருந்தான். எல்லாரும் கேட்டப்போ, நான்தான்னு சொன்னான். நான் சும்மா இருந்துட்டேன்."

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. அடுக்கிய பெட்டியையே மறுபடி சரி செய்துகொண்டிருந்தான்.

அவள் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எங்க அப்பா புதுக் கார் வாங்குனப்போ, மாப்பிள்ளை ஓட்டிப் பாருங்கன்னு சாவிய நீட்டினார். நான் நடுவுல போய் வாங்கி என் பையில போட்டுக்கிட்டேன். அத்தனை பேர் முன்னாடி" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "மூணு வருஷமா பாப்பாவ இவர் ஓட்டற வண்டியில ஏத்த விட்டதில்ல. மழையில பஸ்ஸுக்கு நின்னிருக்கேன். இருந்த காரை நான்தான் விக்கச் சொன்னேன். கோவம் வந்தாலெல்லாம் அந்த ஓடையச் சொல்லித்தான் குத்திக் காட்டுவேன். ஒரு தடவைகூட வாயத் திறக்கலயே நீங்க."

"அன்னிக்கு அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்த நிலைமைய நீ பாக்கல" என்றான் தம்பி. "அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் சொன்னா, ஏன் முன்னாலயே சொல்லலன்னு கேப்ப."

"கேக்கறேன். இப்பவும் கேக்கறேன்."



தம்பி மனைவி அக்கா பக்கம் திரும்பினாள். அழுவாள் அல்லது கத்துவாள் என்று அக்கா காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"அவர் சொல்லாதது ஒருபக்கம் இருக்கட்டும். வியாழக்கிழமை இதே இடத்துல நின்னு உங்ககிட்ட கேட்டேனே, கவுத்தது போதாதான்னு. அப்பகூட சரின்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"கொஞ்ச நாளைக்கு நீங்க மாடியிலயே சமைச்சுச் சாப்பிட்டுக்கங்க அண்ணி."

"என்ன பேசற நீ?" என்று தம்பி எழுந்தான்.

"விடுடா" என்றாள் அக்கா. "சரிம்மா."

டாக்டர் சொன்னதை இரண்டே வார்த்தையில் சொன்னாள். நாளை மத்தியானம் வரை வைத்திருப்பார், இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்து வந்தால் தருவார். சொல்லிவிட்டு வெளிப்பக்கமாக மாடிப்படி ஏறினாள்.

மாடியில் அவள் அறையில் ஒற்றை அடுப்பு ஒன்று இருந்தது. பத்து வருடமாகக் கீழேதான் சாப்பாடு என்பதால் அதன்மேல் துணிமணி அடுக்கியிருந்தது. அதை எடுத்து வைக்க வேண்டும். பாத்திரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். இதையெல்லாம் யோசித்தபடி நடுப்படியில் நின்றாள்.

கீழே ஜன்னல் திறந்திருந்தது. தம்பியின் குரல் கேட்டது.

"நாளைக்கு லீவு போட்டுட்டு டாக்டர் வீட்டுக்குப் போறேன்."

பெட்டி மூடுகிற சத்தம்.

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுக்குக் கிளம்பணும்."

"நானும் வரேன்" என்றாள் தம்பி மனைவி.

வண்டியை வாங்கவா, வேண்டாம் என்று டாக்டரிடம் நேரிலேயே சொல்லவா? அந்தக் குரலிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. தம்பியும் கேட்கவில்லை. நாளைக்குக் காலையில் அந்தக் கொட்டகையில் என்ன பேசுவார்கள், யார் யாரிடம் என்ன கேட்பார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்தாக வேண்டும் போலிருந்தது.

யாராவது கூப்பிடுவார்களோ என்று இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தாள். முன்னறை விளக்கை அணைத்தார்கள். அவள் மீதிப் படியையும் ஏறினாள்.